உபயப் பேரேடும் உறவுசார் தரவுத்தளமும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சமயத்தைப் பற்றி எழுதும் தகுதி அடியேனுக்கு இல்லையே என்று தயங்கினேன். "நீங்கள் படித்த கணினிப் படிப்பைப் பற்றியே எழுதுங்கள். காணிக்கை கொடுப்பவருக்குத் தம் பெயர் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிய வேண்டாமா?" என்றார் மலர்க் குழுத் தலைவர். அவர் விளையாட்டாகச் சொன்ன சொல் எனக்கு ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டிற்று. கல்லூரியில் நான் கற்ற பாடங்களில் ஒன்று மட்டும் எங்கள் தோட்டத்துக் கோயில் வாசல்வரை வந்து என்னைத் தலைகுனிய வைத்தது. அதற்கு உறவுசார் தரவுத்தளம் என்று பெயர்; வகுப்பில் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்போம். கணினி அறியாதவர்களுக்கும் விளங்கும்படி, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் மறைக்காமல் அதன் அடிப்படைகளை இங்கே எழுத முயல்கிறேன்.

செலண்டாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா பால்மரம் சீவினார். 1999ஆம் ஆண்டு மலாக்கா நகரில் ஒரு கல்லூரியில் கணினித் துறை டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். அப்பா விடியற்காலையில் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்திலேயே நானும் பேருந்துக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டில் கணினி கிடையாது. ஆகவே பாடங்களை எல்லாம் தாளில் கட்டம் போட்டுப் பார்த்தே பழகினேன். அது ஒரு வகையில் நன்மையாயிற்று என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் தரவுத்தளம் அமைக்கும் வேலையில் முக்கால் பங்கு தாளிலேயே முடிந்துவிடுகிறது.

எங்களுக்கு அந்தப் பாடம் எடுத்தவர் ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். யார் எந்த அட்டவணையைக் காட்டினாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "இதில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஒரே வாக்கியத்தில் சொல்." சொல்ல முடியாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

உறவு என்னும் சொல்

பாடத்தின் பெயரே என்னைக் குழப்பிற்று. ரிலேஷன் என்றதும் மாமன் மச்சான் உறவு போல ஏதோ என்று எண்ணிக்கொண்டேன். அட்டவணைகளுக்கு இடையே உள்ள தொடர்பைத்தான் அப்படி அழைக்கிறார்கள் என்று முதல் தேர்விலும் எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். கணிதத்தில் ரிலேஷன் என்பது அட்டவணையையே குறிக்கும். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொகை என ஒன்றோடொன்று சேர்ந்து உண்மையாகும் மதிப்புகளை ஒரு வரிசையாக வைத்தால், அத்தகைய வரிசைகளின் தொகுதிதான் ரிலேஷன். அதில் எந்த வரிசை முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்பதற்குப் பொருள் இல்லை. ஒரே வரிசை இரண்டு முறை வரக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் மிக எளியவை. ஆனால் நாம் எழுதும் எந்தக் கணக்குப் புத்தகமும் இவற்றைப் பின்பற்றுவதில்லை.

இந்தக் கருத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் எட்கர் காட் என்பவர். 1923இல் இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டில் கணிதம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர். போருக்குப் பின் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது.

அதற்கு முன் கணினியில் தகவல்கள் மரக்கிளைகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அப்போலோ விண்வெளித் திட்டத்திற்காக ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பு அத்தகையது. எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளையில் இறங்கினால் தகவல் கிடைக்கும் என்ற பாதை தெரிந்தவருக்கே அது பயன்படும். நம் திருவிழாக் கணக்கை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் உபயம் ஒரு பக்கம், இரண்டாம் நாள் உபயம் அடுத்த பக்கம் என்று நாள்வாரியாக எழுதியிருப்போம். மூன்றாம் நாளுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடலாம். ஆனால் இன்னார் ஆண்டு முழுவதும் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால், எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். புத்தகம் ஒரு கேள்விக்கு மட்டும் வசதியாக எழுதப்பட்டுவிட்டது. தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், தேடும் வழியை இயந்திரமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் காட் சொன்ன கருத்தின் சாரம்.

ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் அவருடைய நிறுவனமே அவர் கருத்தை உடனே பொருளாக்கவில்லை. 1974இல் அங்கேயே சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை வகுத்தனர். அதுவே எஸ்.க்யூ.எல். ஆயிற்று. இருவரில் பாய்ஸ் அதே ஆண்டில் இளவயதிலேயே காலமானார். காட் அவர்களுக்கு 1981இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது கிடைத்தது. 2003இல் அவர் மறைந்தார்.

அந்த மொழியின் முதல் பாடம் மூன்றே சொற்கள்: செலக்ட், ஃபிரம், வேர். எதை வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து வேண்டும், எந்த நிபந்தனையோடு வேண்டும் என்பது பொருள். நான் மூன்றாவது சொல்லைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, "அடியில் தேடுவதால் வேர் என்கிறார்களா?" என்று பக்கத்திலிருந்த தோழி கேட்டுவிட்டாள். இருவரும் சிரித்ததற்கு வகுப்பில் திட்டு கிடைத்தது.

பேரேட்டின் நோய்கள்

பருவத்தின் இறுதியில், தெரிந்த ஒரு சிறு நிறுவனத்திற்குத் தரவுத்தளம் அமைத்துக் காட்ட வேண்டும் என்று வேலை கொடுத்தார்கள். உடன் படித்தவர்கள் வீடியோ கடை, மருந்துக் கடை, பள்ளி நூலகம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் உபயப் பேரேட்டை எடுத்துக்கொண்டேன்.

சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான புத்தகம் அது. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதிய கிராணியே கோயில் கணக்கையும் எழுதி வந்ததால், கட்டங்கள் செக்ரோல் மாதிரியே இருக்கும். தேதி, ரசீது எண், கொடுத்தவர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், லயத்து எண், திருவிழா நாள், உபயம், வெள்ளி என்று ஒரே வரியில் எல்லாமே இருந்தன. அழகான கையெழுத்து. அதை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். விரிவுரையாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? கொடுத்தவரையா, கொடுத்த பொருளையா, கொடுத்த நாளையா? என்னால் ஒரே வாக்கியத்தில் சொல்ல இயலவில்லை.

ஒரே வரியில் பலவற்றைக் கலந்து எழுதுவதால் மூன்று விதமான பிழைகள் வரும் என்று பாடநூல் சொல்கிறது. நாங்கள் படித்தது சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய நூல். 1997இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்துதான் சுதர்சன் அவர்களின் பெயர் அதில் சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். அந்தப் பெயரைக் காட்டி அம்மாவிடம் பெருமைப்பட்டதுண்டு. நிற்க. அந்த மூன்று பிழைகளும் எங்கள் பேரேட்டில் ஏற்கெனவே நடந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த அத்தியாயம் புரிந்தது.

பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டபோது சில லயங்களை இடித்தார்கள். குடும்பங்கள் செலண்டார் பட்டணத்துக்கும் ஜாசினுக்கும் வீடு மாறின. ஒருவர் பெயர் பேரேட்டில் பதினான்கு இடங்களில் இருந்தால், அவருடைய பழைய லயத்து எண்ணும் பதினான்கு இடங்களில் இருக்கும். யாரோ மூன்று இடங்களில் மட்டும் அடித்துத் திருத்தியிருந்தார்கள். திருவிழா அழைப்பு ஆளில்லாத வீட்டுக்குப் போயிற்று. இது திருத்தும்போது வரும் பிழை.

ஓர் ஆண்டு ஏழாம் நாளுக்கு மோர்ப் பந்தல் என்று புதிய உபயம் ஒன்றை நிர்வாகம் முடிவு செய்தது. அதைப் பேரேட்டில் எழுத இடமில்லை. கொடுப்பவர் பெயர் இல்லாமல் ஒரு வரி எப்படி எழுதுவது? ஆகவே யாரும் எடுக்காத உபயம் எங்கும் எழுதப்படாமல் பேச்சோடு நின்றது. இது புதிதாகச் சேர்க்கும்போது வருவது.

மூன்றாவதுதான் கொடியது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பதை மூத்த அன்பர்கள் அறிவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் குடும்பங்கள் போயின. சில ஆண்டுகள் கழித்துப் பழைய பேரேட்டைப் புதிதாகப் படி எடுத்தவர், ஊரில் இல்லாதவர்களின் வரிகளை விட்டுவிட்டார். அது நியாயம்தான். ஆனால் அந்த வரிகளோடு நாலாம் நாள் நாதஸ்வர உபயமும் மறைந்தது. கொடுத்தவர் போனதும் உபயம் என்ற ஒன்று இருந்ததே எழுத்தில் இல்லாமல் போயிற்று. "நாலாம் நாளு மேளம் இருந்துச்சே" என்று கிழவர்கள் சொல்லும்போது இளைஞர்கள் நம்பமாட்டார்கள்.

இதற்கு மருந்து, வெவ்வேறு பொருள்களை வெவ்வேறு அட்டவணைகளில் பிரித்து வைப்பது. இதை நார்மலைசேஷன் என்பார்கள். தமிழில் இயல்பாக்கம் எனலாம். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். அன்பர்களுக்கு ஓர் அட்டவணை: பெயர், தகப்பனார் பெயர், முகவரி. உபயங்களுக்கு ஓர் அட்டவணை: எந்த நாள், என்ன உபயம். ரசீதுகளுக்கு ஓர் அட்டவணை: எந்த அன்பர், எந்த உபயத்திற்கு, எந்தத் தேதியில், எத்தனை வெள்ளி. ரசீது அட்டவணையில் அன்பரின் முகவரியைத் திரும்ப எழுதுவதில்லை. அவருடைய எண்ணை மட்டும் எழுதுகிறோம். வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். மூன்றாம் நாள் யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், கணினி எண்களைப் பொருத்தி மூன்று அட்டவணைகளையும் ஒன்றாக்கிக் காட்டிவிடும். ஜாயின் எனப்படும் இந்த இணைப்புத்தான் முழுப் பாடத்திற்கும் உயிர். இதைச் செய்து முடித்து, மோர்ப் பந்தலைக் கொடுப்பவர் இல்லாமலே உபய அட்டவணையில் ஏற்றிய அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பூஜ்ஜியக்காரர்

இனி நான் தலைகுனிந்த கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு சாவி வேண்டும். பிரைமரி கீ என்பார்கள், முதன்மைச் சாவி. ஒரு வரிசையை மற்ற எல்லா வரிசைகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம் அது. இரண்டு வரிசைகளுக்கு ஒரே சாவி இருக்கக்கூடாது. சாவி காலியாகவும் இருக்கக்கூடாது. அன்பர்களுக்கு எதைச் சாவியாக வைப்பது? பெயரை வைக்க முடியாது. எங்கள் பேரேட்டில் நான்கு முனியம்மாக்கள் இருந்தார்கள். ஒரே ஆளின் பெயர் ஒரு பக்கத்தில் லெட்சுமி, இன்னொரு பக்கத்தில் லெச்சுமி, ரசீதில் லட்சுமி. போதாக்குறைக்கு, நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரைத்தான் சேர்த்து எழுதுகிறோம். அதைக் குடும்பப் பெயராக எண்ணி அமைத்த படிவங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆளாகிவிடுவதும், தகப்பனார் பெயரில் மகனுக்குக் கடிதம் வருவதும் அன்பர்கள் அனுபவித்திருப்பீர்கள்.

ஆகவே நான் அடையாளக் கார்டு எண்ணைத் தேர்ந்தேன். 1990 முதல் நம் நாட்டில் வழங்கப்படும் 12 இலக்க எண். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மலாக்காவுக்கு 04. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஒருவர் எண் இன்னொருவருக்கு வராது. பாடநூலில் காட்டும் உதாரணங்களைப் போலவே அழகாக இருந்தது.

ஞாயிறு மாலைகளில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து எண்களைக் கேட்டு எழுதினேன். அப்பாவின் சின்னம்மா, எங்களுக்குச் சின்னப்பாட்டி, முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு திருவிழாவிலும் மூன்றாம் நாள் அன்னதானத்துக்கு அரிசி வாங்கப் பத்து வெள்ளி கொடுப்பவர்.

"பாட்டி, ஐ.சி. நம்பர் சொல்லுங்க."

"அது இருந்தா நான் ஏன் ஆயி இன்னும் குத்தகைக்குப் புல்லு வெட்டுறேன்?"

அவருக்குச் சிவப்புக் கார்டுகூட இல்லை. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் கார்டு இல்லை. கார்டு இல்லாததால் தோட்டத்து செக்ரோலில் பெயர் இல்லை. குத்தகைக்காரர் கொடுக்கும் கூலிதான். இப்படி ஆட்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் வீட்டில் தெரிந்த ஒன்று வகுப்பில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கல்லூரிக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். சின்னப்பாட்டியின் எண் இருக்க வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டதும் இயந்திரம் மறுத்துவிட்டது. சாவி காலியாக இருக்கக்கூடாதல்லவா? சமாளிக்கலாம் என்று பன்னிரண்டு பூஜ்ஜியங்களைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. இன்னும் சில வரிகள் தாண்டியதும் கார்டு இல்லாத இன்னொருவர் வந்தார். மாடு மேய்க்கும் பெரியவர். ஆண்டுதோறும் ஒரு டின் எண்ணெய் அவர் உபயம். அவருக்கும் பூஜ்ஜியங்கள் போட்டேன். இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று திரை சொல்லிற்று. மொத்தம் நான்கு பேர் அப்படி. கடைசி மூன்று பேரையும் விட்டுவிட்டு, வேலையை ஒப்படைத்தேன். நேரம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விரிவுரையாளர் அச்சிட்ட தாளில் பூஜ்ஜியங்களின்மேல் விரலை வைத்தார்.

"இவர் யார்?"

"அவருக்கு ஐ.சி. கிடையாது, மிஸ்."

"உன் அட்டவணையில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? கோயிலுக்குக் கொடுத்தவரையா, ஐ.சி. வைத்திருப்பவரையா?"

நான் பதில் பேசவில்லை. விட்டுவிட்ட மூன்று பேரைப் பற்றி அவருக்குத் தெரியாது. நானாகவே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் தந்தார்.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றது பருவம் முழுவதும் கற்றதைவிட அதிகம். சாவியைத் தேர்வது என்பது எது வசதி என்று பார்ப்பதோடு முடிவதில்லை. அந்த அட்டவணைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதும் அதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அரசாங்கம் கொடுத்த எண்ணைச் சாவியாக வைத்தால், அரசாங்கக் கணக்கில் இல்லாதவர் அம்மன் கணக்கிலும் இல்லாமல் போகிறார். அம்மனுக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. எண்ணும் மாறாதது அல்ல என்பதைப் பிறகு கவனித்தேன். பேரேட்டின் பழைய பக்கங்களில் சிலருக்கு 1990க்கு முந்தைய கார்டு எண் எழுதியிருந்தது. அதைச் சாவியாக வைத்திருந்தால், புதிய எண் வந்த அன்று எல்லா ரசீதுகளையும் மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே கோயிலே ஒவ்வொருவருக்கும் ஓர் அன்பர் எண் கொடுப்பது என்று மாற்றினேன். 1, 2, 3 என்று வந்த வரிசையில் ஓர் எண். அதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை; பிறந்த தேதியும் தெரியாது, ஊரும் தெரியாது. அதுவே அதன் சிறப்பு. அடையாளக் கார்டு எண்ணை ஒரு சாதாரணக் கட்டமாக வைத்தேன். இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம்.

இந்தக் காலியிடத்திற்கும் தரவுத்தளத்தில் ஒரு தத்துவம் உண்டு. நல் என்று பெயர். அது பூஜ்ஜியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. இங்கே மதிப்பு இல்லை அல்லது தெரியவில்லை என்பதற்கான குறி. இரண்டு பூஜ்ஜியங்களைக் கணினி சமம் என்று கொள்ளும். ஆனால் இரண்டு நல்களை ஒப்பிட்டுக் கேட்டால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்றே சொல்லும். தெரியாத இருவரை ஒருவர் என்று கருத அதற்கு உரிமை இல்லை. இந்த முறையில் சிக்கல்கள் உண்டு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆயினும் நான் பன்னிரண்டு பூஜ்ஜியங்களைப் போட்டபோது செய்தது ஒரு பொய் என்பதை இந்த விதிதான் எனக்கு உணர்த்திற்று.

அன்பர் எண் முறைக்கும் குறை உண்டு, மறைப்பானேன். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் இரண்டு எண் பெற்றுவிடலாம், இயந்திரம் தடுக்காது. லெட்சுமியும் லெச்சுமியும் ஒருவர்தானா என்பதை ஊரை அறிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சின்னப்பாட்டிதான் அதைச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பெயரைப் படிக்கப் படிக்க, "ரெண்டும் ஒரே ஆளுதான், அஞ்சாம் நம்பர் லயம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தஞ்சைச் சுவரில்

2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு யாத்திரையில் தஞ்சைப் பெரிய கோயிலைத் தரிசிக்கும் பேறு கிடைத்தது. ராஜராஜ சோழன் எழுப்பி 1010இல் நிறைவுற்ற ஆலயம். திருச்சுற்று மதிலில் ஒரு நீண்ட கல்வெட்டைக் காட்டினார்கள். கோயில் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஒழுங்கில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன; வீடு மட்டும் திரும்ப வருவதில்லை. தெரு, சிறகு, வீட்டு வரிசை மூன்றும் சேர்ந்துதான் அங்கே சாவி. இப்படிப் பல கட்டங்கள் சேர்ந்து ஆவதைக் கூட்டுச் சாவி என்று எங்கள் நூலில் படித்திருந்தேன்.

இதைவிட என்னை நிற்கவைத்தது அந்தக் கல்வெட்டின் இன்னொரு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். ஆள் வேறு, பங்கு வேறு. ஆள் போனாலும் பங்கு எழுத்தில் நிற்கும். எங்கள் நாலாம் நாள் நாதஸ்வரம் தொலைந்தது இந்தப் பிரிவினை இல்லாததால்தானே என்று அந்த வெயிலில் நின்று நினைத்துக்கொண்டேன்.

இதை வைத்து, டேட்டாபேஸை நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. காட் செய்தது கணிதம்; எந்த அட்டவணைக்கும் எந்தக் கேள்விக்கும் பொருந்தும் விதிகளை நிறுவிக் காட்டினார். சோழர் காலத்துக் கணக்கர் செய்தது கவனமான கணக்கு. இரண்டுக்கும் அதனதன் மரியாதை உண்டு.

இன்று

நம் அறநிலையத்தின் நன்கொடையாளர் பதிவும், கல்வி உதவி பெறும் பிள்ளைகளின் பதிவும் இன்று இதே அடிப்படையில்தான் இருக்கின்றன. மென்பொருள் பல முறை மாறிவிட்டது. நான் அந்தக் காலத்தில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 97 இப்போது யாரிடமும் இல்லை. அட்டவணைகளும் சாவிகளும் மாறவில்லை. படிவத்தில் அடையாளக் கார்டு எண் ஏன் கடைசியில் கேட்கப்படுகிறது, அதைக் காலியாக விட்டாலும் ஏன் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சில அன்பர்கள் கேட்டதுண்டு. காரணம் மேலே சொன்னதுதான். பிறப்புப் பத்திரச் சிக்கலில் இருக்கும் பிள்ளைகள் இன்றும் உதவி கேட்டு வருகிறார்கள். எண் இல்லை என்பதற்காக அவர்கள் மனு பதிவாகாமல் போகக்கூடாது. மேலும், அந்த 12 இலக்கங்களுக்குள் பிறந்த தேதி அடங்கியிருப்பதால், ரசீதிலும் அறிவிப்புப் பலகையிலும் அதை முழுமையாக அச்சிடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இன்னும் ஒரு விதியைச் சொல்ல மறந்தேன். ரசீது அட்டவணையில் நிற்கும் அன்பர் எண்ணுக்கு அயல் சாவி என்று பெயர். அது சுட்டும் ஆள் அன்பர் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும். ரசீது இருக்கும்வரை அந்த ஆளை அழிக்க முயன்றால் கணினி இசையாது.

சின்னப்பாட்டி 2009இல் காலமானார். கடைசிவரை கார்டு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துக் கோயிலில் உதவிக்கு வந்த ஒரு மாணவன், இறந்தவர்களின் பெயர்களை நீக்கிப் பதிவைச் சுத்தம் செய்கிறேன் என்று தொடங்கி, அரை மணி நேரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, முப்பத்தேழாம் நம்பர் அழிய மாட்டேங்குது. ஐ.சி.யும் இல்ல. யாருக்கா இவங்க?"

அழிக்க வேண்டாம் என்றேன். அவர் பெயரில் ஒன்பது ரசீதுகள் இருக்கின்றன. மூன்றாம் நாள் அரிசி உபயத்தை இப்போது என் தம்பி கொடுத்து வருகிறான். அவனுடைய அன்பர் எண் 212.